ஏடு திறவாத காலை

வங்காளத்துப் புத்தாண்டான பொய்லா பைசாக்கின் விடியற்காலையில், காளிகாட் காளி கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில், சிவப்புத் துணி அட்டை போட்ட புதுக் கணக்குப் புத்தகத்தையும் சிறிய பிள்ளையார், லட்சுமி பொம்மைகளையும் ஏந்திக்கொண்டு வியாபாரிகள் வரிசையில் நிற்பார்கள். 1809இல் எழுந்த இன்றைய கோயில் கட்டடத்தில் தேவியின் சந்நிதிக்கு அந்த ஏட்டைக் கொண்டுபோய், முதற்பக்கத்தில் குங்குமத்தால் மங்கலச் சின்னம் இடுவித்துக்கொண்ட பிறகே, கடைக்குத் திரும்பி ஆண்டின் முதல் வரவை அதில் எழுதுவார்கள். ஹால் காதா என்று வங்காளிகள் கொண்டாடும் இந்தச் சடங்கில், பழைய பாக்கியைத் தீர்க்க வரும் வாடிக்கைக்காரருக்கு இனிப்பு வழங்கி உபசரிப்பதும் சேர்ந்தது.

காகிதத்தாலான ஒரு புத்தகத்துக்கு இத்தனை மரியாதை ஏன் என்று யோசித்துப் பார்த்தால், கடை என்பது சுவரும் சரக்கும் மட்டுமல்ல, யார் எவ்வளவு தரவேண்டும், யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்ற ஞாபகமும் சேர்ந்ததுதான் கடை என்பதை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள் என்பது விளங்கும். சரக்கு எரிந்து போனாலும் ஏடு தப்பினால் வியாபாரம் மறுபடியும் எழும். ஏடு போய்விட்டால் சரக்கு இருந்தும் பிரயோஜனம் குறைவு. இந்தக் கல்கத்தா நகரத்துக்குத் தமிழர் வந்து குடியேறியதிலும் அந்த ஏட்டுக்குப் பங்கு உண்டு. டல்ஹௌசி சதுக்கத்துக் கம்பெனிகளிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கணக்கராகவும் சுருக்கெழுத்தாளராகவும் உத்தியோகம் பார்க்க வந்தவர்களின் சந்ததியார், காளிகாட்டுக்கும் லேக் மார்க்கெட்டுக்கும் இடைப்பட்ட தெருக்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள். இரவு நெடுநேரம் உட்கார்ந்து, ஒரு பைசா வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வரையில் ஏட்டை மூடாத மனிதர்களின் பரம்பரை அது.

இன்றைக்கு அந்த ஞாபகம் முழுவதும் காகிதத்தை விட்டுக் கணினிக்குள் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவும், பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் மதிப்பெண்ணும், மின்சார அலுவலகத்தில் நம் வீட்டு மீட்டரின் கணக்கும், வங்கியில் நம் வாழ்நாள் சேமிப்பும், எங்கோ ஓர் அறையில் குளிரூட்டப்பட்டு நிற்கும் சர்வர்களில் பதிவாகியிருக்கின்றன. இதனால் விளைந்த நன்மை அளவிறந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு காலையில் அந்த ஏடு திறக்காமற்போனால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, அந்தக் காலை வருவதற்கு வெகுநாள் முன்னதாகவே, பதற்றமில்லாத ஒரு பொழுதில், பலர் கூடி யோசித்து விடை எழுதி வைத்திருக்கிற ஸ்தாபனம் மட்டுமே சேதமில்லாமல் தப்பும். அந்த விடை விலைகொடுத்து வாங்கும் இயந்திரத்தில் இல்லை. நிர்வாகத்தின் ஒழுங்கிலும் மனிதர்களின் நேர்மையிலும் இருக்கிறது என்பதே நான் சொல்ல விரும்புவது.

2017 மே 12ஆம் தேதி வானாக்ரை என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவியபோது, ஏறக்குறைய 150 நாடுகளில் கணினிகள் பூட்டிக்கொண்டன. கோப்புகளையெல்லாம் புரியாத குறியீடாக மாற்றிவிட்டு, 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கொடுத்தால்தான் திறப்போம் என்று திரையில் எழுதிக்காட்டிய அந்த நிரல், மேற்கு வங்காளத்தையும் விட்டுவைக்கவில்லை. மேற்கு மேதினிபூர் மாவட்டத்தில் மாநில மின்சார விநியோக நிறுவனத்தின் சில அலுவலகங்களில் கணினிகள் முடங்கிப்போய், கட்டணம் வசூலிக்கும் வேலை நின்றது. லண்டனில் ஆஸ்பத்திரிகளை ஸ்தம்பிக்கச் செய்த அதே நிரல், வங்காளத்துச் சிற்றூர் ஒன்றில் மின்கட்டணம் செலுத்த வந்த குடியானவரையும் திருப்பி அனுப்பியது. இதற்குரிய மாற்று மருந்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் அதைத் தம் கணினிகளில் பொருத்திக்கொள்ளாதவர்களே பெரும்பாலும் அகப்பட்டார்கள்.

நம் நாட்டில் இந்த ஆபத்தின் முழு உருவத்தையும் ஜனங்கள் கண்டது 2022 நவம்பர் 23ஆம் தேதி காலையில், டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில். நாட்டின் நாலாபக்கத்திலிருந்தும் ரயிலேறி வந்து, இரவெல்லாம் நடைபாதையில் படுத்திருந்து, விடிந்ததும் சீட்டு வாங்க நிற்கும் ஏழை நோயாளிகளுக்கு அன்று கணினி வழியே சீட்டுக் கொடுக்க முடியவில்லை. சர்வர்களில் இருந்த விவரங்கள் பூட்டப்பட்டுவிட்டன. பதிவு, பரிசோதனைக்கூடம், பில், சேர்க்கை, விடுவிப்பு எல்லாம் கையால் எழுதி நடத்தவேண்டியதாயிற்று. அந்த நிலை ஏறக்குறைய இரண்டு வாரம் நீடித்தது. 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டன என்றும், சுமார் 1.3 டெராபைட் அளவுள்ள விவரங்கள் பூட்டப்பட்டன என்றும் அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஆஸ்பத்திரியின் வலைப்பின்னல் தக்க முறையில் பகுதி பகுதியாகப் பிரிக்கப்படாமல் இருந்ததை அதற்கு ஒரு காரணமாகவும் சொன்னது. கப்பலின் அடித்தளத்தை அறை அறையாகத் தடுத்துக் கட்டுவது போல, ஓரிடத்தில் புகுந்த வெள்ளம் மற்றோரிடத்துக்குப் பாயாதபடி வலைப்பின்னலைப் பிரித்து வைத்திருந்தால், ஒரு பிரிவில் நேர்ந்த விபத்து ஆஸ்பத்திரி முழுவதையும் மூழ்கடித்திராது.

அந்த விபத்தில் ஆறுதலான அம்சம் ஒன்றும் உண்டு. பாதிக்கப்படாமல் தப்பிய ஒரு பேக்கப் சர்வரிலிருந்து நோயாளிகளின் விவரங்களை மீட்க முடிந்தது. பழங்காலத்துக் குமாஸ்தா ஒருவர் இதைக் கேட்டிருந்தால், பிரதி எடுத்து வேறிடத்தில் வைப்பது தாம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கற்ற பாடம் என்று சொல்லியிருப்பார். ஆனால் அந்த எளிய பாடத்தைப் பெரிய அரசாங்கங்களே தவறவிடுகின்றன. 2023 ஆகஸ்டு 26ஆம் தேதி இலங்கை அரசின் கிளவுட் என்னும் கணினி மேகத்தை இத்தகைய நிரல் ஒன்று தாக்கியபோது, அரசாங்க மின்னஞ்சலைப் பயன்படுத்திய அலுவலகங்கள், அமைச்சரவை அலுவலகம் உட்பட, மே 17 முதல் ஆகஸ்டு 26 வரையிலான கடிதங்களை அடியோடு இழந்தன. அந்த மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட காலத்துக்குப் பேக்கப் இல்லை. ஒரு நாட்டின் அமைச்சரவை அலுவலகம் தான் எழுதியதையும் தனக்கு வந்ததையும் மறுபடி படிக்க முடியாமற்போவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

பிரதி இருந்தால் போதாது, அது மூலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதை 2017 ஜூன் 27ஆம் தேதி மெர்ஸ்க் என்னும் டென்மார்க் நாட்டுக் கப்பல் கம்பெனி கண்டுகொண்டது. நாட்பெட்யா என்ற நிரல் அக்கம்பெனியின் வலைப்பின்னலில் புகுந்து, மும்பைக்கு அருகிலுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அது நடத்திவந்த சரக்குப்பெட்டி முனையம் உட்பட, பல நாடுகளில் வேலையை நிறுத்தியது. உலகெங்கும் உள்ள அலுவலர்களின் அடையாளத்தைச் சரிபார்த்து அனுமதிக்கும் சர்வர்களை ஒன்றுக்கொன்று பிரதியாக அமைத்திருந்தார்கள்; அவையெல்லாம் ஒரே வலையில் இணைந்திருந்தபடியால் எல்லாம் ஒருசேர அழிந்தன. கானா நாட்டு அலுவலகத்தில் அச்சமயம் மின்சாரம் தடைப்பட்டிருந்ததனால் வலையோடு தொடர்பற்றுக் கிடந்த ஒரே ஒரு சர்வர் மட்டும் தப்பியது. அதிலிருந்து தொடங்கி, 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்தே நாளில் புதிதாக நிறுவினார்கள். ஒரு மின்தடையின் தயவில் ஒரு மாபெரும் ஸ்தாபனம் பிழைத்தது. எதிர்பாராத தடை செய்து கொடுத்ததை, ஒழுங்கான ஏற்பாட்டினால் நாமே செய்துகொள்ள முடியும்: ஒரு பிரதியாவது எந்தக் கம்பியிலும் இணையாமல், வேறொரு கட்டடத்தில், ஒரு பெட்டியில் பூட்டி இருக்கவேண்டும்.

ஏட்டைப் பூட்டிக் காசு கேட்பது ஒரு வகை. ஏட்டிலே பொய்க்கணக்கு எழுதிவிட்டுப் போவது மற்றொரு வகை. அது இன்னும் நுட்பமானது. கும்பகோணத்தில் 1904இல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியின் அனுபவம் தமிழ் வாசகர்கள் அனைவரும் அறியவேண்டியது. 2018 பிப்ரவரி 7ஆம் தேதி காலையில், முந்தின நாள் வரவுசெலவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஸ்விஃப்ட் என்னும் சர்வதேசப் பணப்பரிமாற்ற முறையின் வழியாக, வங்கியில் எவரும் பிறப்பிக்காத மூன்று உத்தரவுகள் வெளிநாட்டு வங்கிகளுக்குப் போயிருப்பது தெரிந்தது. 5,00,000 டாலர் துபாய்க்கும், 3,00,000 யூரோ துருக்கிக்கும், 10,00,000 டாலர் சீனாவுக்கும் அனுப்பப்பட்டிருந்தன. வங்கியார் உடனே அந்நிய வங்கிகளுக்குச் சொல்லியனுப்பியதால் துபாய்க்குச் சென்ற தொகை வழியிலேயே தடுக்கப்பட்டது. துருக்கியில் தொகை முடக்கப்பட்டது. இந்தச் செய்தியில் என் மனத்தைக் கவர்ந்தது ஒரு சிறு விவரம். ஒவ்வொரு பரிமாற்றமும் முடிந்தவுடன் சான்று அச்சாகி வெளிவரும் பிரிண்டரை, விஷமிகள் முந்தின மாலையே வேலை செய்யாதபடி ஆக்கிவிட்டார்கள். அந்தச் சான்று அச்சாகியிருந்தால் அன்றிரவே எச்சரிக்கை கிடைத்திருக்கும்.

இதே தந்திரம் இரண்டு ஆண்டுக்கு முன்னே, கல்கத்தாவுக்கு அண்டையில், டாக்காவில் உள்ள வங்கதேச மத்திய வங்கியில் நிறைவேறியிருந்தது. 2016 பிப்ரவரி 4ஆம் தேதி வியாழக்கிழமை இரவு, நியூயார்க்கிலுள்ள அவ்வங்கியின் கணக்கிலிருந்து ஏறக்குறைய 95 கோடி டாலரைப் பெயர்க்கும்படி 35 பொய் உத்தரவுகள் பறந்தன. வெள்ளிக்கிழமை வங்கதேசத்தில் விடுமுறை. டாக்கா வேலைக்குத் திரும்பியபோது நியூயார்க்கில் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை பிலிப்பைன்ஸில் சீனப் புத்தாண்டு விடுமுறை. நான்கு நாளும் ஒரு நாட்டில் மாற்றி ஒரு நாட்டில் கதவு மூடியிருக்கும்படி நாள் பார்த்தவர்கள், பிரிண்டரையும் முடக்கியிருந்தார்கள். பிரிண்டர் பழுதானதை அலுவலர்கள் சாதாரணக் கோளாறு என்றே எண்ணினார்கள். 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவிலுள்ள வங்கிக் கிளை ஒன்றின் வழியாகச் சூதாட்ட விடுதிகளுக்குப் போய் மறைந்தது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர், பெறுவோர் பெயரில் நேர்ந்த எழுத்துப்பிழை ஒரு வங்கி அலுவலரின் கண்ணில் பட்டதனால் மீண்டது. பல கோடி ரூபாய் விலையுள்ள பாதுகாப்புச் சாதனங்கள் பார்க்காததை, எழுத்துக்கூட்டிப் படிக்கும் பழக்கமுள்ள ஒருவர் பார்த்தார். அந்த மனிதரைப் போன்றவர்களுக்கு, சந்தேகம் தோன்றிய மாத்திரத்தில் வேலையை நிறுத்தும் அதிகாரத்தை ஸ்தாபனம் முன்கூட்டியே வழங்கியிருக்கவேண்டும். பழுதான பிரிண்டரை யாரிடம் சொல்வது, அவர் எத்தனை மணி நேரத்துக்குள் வந்து பார்க்கவேண்டும் என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கவேண்டும்.

டாக்கா நிகழ்ச்சியில் மற்றொரு துயரமும் உண்டு. பணம் போனதை மத்திய வங்கி பல வாரங்கள் அரசாங்கத்துக்குச் சொல்லவில்லை. நிதியமைச்சரே செய்தித்தாளைப் பார்த்துத் தெரிந்துகொண்டதாகக் குறைகூறினார். மார்ச் 15ஆம் தேதி வங்கியின் ஆளுநர் அதியுர் ரஹ்மான் பதவி விலகினார். நம் தமிழ்நாட்டிலும் 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் தீய நிரல் புகுந்திருப்பது பற்றி செப்டம்பர் 4ஆம் தேதியே எச்சரிக்கை வந்திருந்தும், அக்டோபர் 29ஆம் தேதி நிலையத்தின் சார்பில் மறுப்பு வெளியாகி, மறுநாளே அணுமின் கழகம் நிரல் புகுந்ததை ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கணினிகள் வேறாகப் பிரிக்கப்பட்டிருந்தமையால் அவற்றுக்குத் தீங்கில்லை என்று கழகம் விளக்கியது. அந்த விளக்கத்தை முதல் நாளே கொடுத்திருந்தால் ஜனங்கள் அமைதியாகக் கேட்டிருப்பார்கள். மறுத்துவிட்டுப் பின் ஒப்புக்கொண்டதனால்தான் பீதி பெருகியது.

இப்படி மூடி மறைக்கும் மனப்பான்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் காளிகாட்டிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள டாக்குரியாவாசிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 9ஆம் தேதி பின்னிரவில் அங்கிருந்த ஏ.எம்.ஆர்.ஐ. ஆஸ்பத்திரியின் நிலவறையில் தீப்பிடித்தது. புகையைக் கண்டு ஓடிவந்த பக்கத்துக் குடிசைப் பகுதி மக்களை வாயிற்காவலர்கள் முதலில் திருப்பி அனுப்பினார்கள் என்றும், தீயணைப்புப் படைக்குத் தாமதித்தே செய்தி போயிற்று என்றும் அன்றைய பத்திரிகைகள் எழுதின. ஏறக்குறைய 90 பேர், பெரும்பாலும் படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிகள், புகையில் மூச்சுத் திணறி மாண்டார்கள். பின்னர் கயிறு கட்டி ஏறி நோயாளிகளை இறக்கியவர்களில் அந்தக் குடிசைவாசிகளும் இருந்தார்கள். அது கணினி விபத்தன்று. ஆயினும் உள்ளுக்குள்ளேயே சமாளித்துவிடலாம், வெளியே தெரிந்தால் பெயர் கெடும் என்ற எண்ணம் எந்த விபத்திலும் ஒரே விதமாகவே வேலை செய்கிறது. கணினி வழியில் வரும் தீக்குப் புகையும் இல்லை, வாசமும் இல்லை; ஆகையால் அங்கே மறைப்பது இன்னும் சுலபம், விளைவு இன்னும் விபரீதம். ஓர் ஆஸ்பத்திரியில் புகுந்த நிரலைப் பற்றி மற்ற ஆஸ்பத்திரிகளுக்கு அன்றே தெரிந்தால், அவை தம் கதவைச் சாத்திக்கொள்ள முடியும்.

இதை உணர்ந்தே சட்டமும் வந்திருக்கிறது. 2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட, செர்ட்-இன் என்று வழங்கும் மத்திய அரசின் கணினி அவசரநிலை அமைப்பு, 2022 ஏப்ரல் 28ஆம் தேதி ஓர் உத்தரவு பிறப்பித்தது. கணினித் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்கவேண்டும், கணினிகளில் யார் எப்போது நுழைந்தார், என்ன செய்தார் என்ற பதிவுகளை 180 நாள் பாதுகாக்கவேண்டும் என்பன அதன் முக்கிய விதிகள். இதற்கு முன்பே, 2016 ஜூன் 2ஆம் தேதி, ரிசர்வ் வங்கி, வணிக வங்கிகள் நெருக்கடியைச் சமாளிக்கும் திட்டம் ஒன்றை எழுதி வைத்திருக்கவேண்டும் என்று விதித்திருந்தது. தாக்குதலைக் கண்டறிவது, எதிர்கொள்வது, பரவாமல் தடுப்பது, மீள்வது ஆகியவை அத்திட்டத்தில் அடங்கவேண்டும். அமைச்சகங்களுக்கும் மாநில அரசுகளுக்கும் இத்தகைய திட்டத்தைச் செர்ட்-இன் வகுத்துக் கொடுப்பதோடு, ஒத்திகைகளும் நடத்துகிறது. ஆனால் திட்டம் என்ற பெயரில் கனமான ஒரு கோப்பைத் தயாரித்து அலமாரியில் வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று கருதும் நிர்வாகங்கள் இல்லாமலில்லை. எவருடைய வாயாலும் ஒரு முறையேனும் உரக்கப் படிக்கப்படாத திட்டம், ஆபத்து வேளையில் எவருடைய கைக்கும் வந்து உதவாது.

ஒத்திகை என்பது எப்படி இருக்கும்? பத்துப் பேர் ஒரு மேஜையைச் சுற்றி அரை நாள் உட்கார்ந்தால் போதும்; ஒரு ரூபாய்க்கும் இயந்திரம் வாங்கவேண்டியதில்லை. இப்படி வைத்துக்கொள்வோம்: துர்கா பூஜையின் அஷ்டமி இரவு. காளிகாட் பக்கத்திலுள்ள நடுத்தர ஆஸ்பத்திரி ஒன்றில், பதினொரு மணிக்கு, இரவுப் பணியிலிருக்கும் குமாஸ்தாவின் திரை கறுத்து, பணம் கேட்கும் வாசகம் தோன்றுகிறது. ராஷ்பிஹாரி அவென்யூவில் பந்தல் பார்க்க வந்த கூட்டத்தில் ஊசி குத்த இடமில்லை. கணினிப் பொறுப்பாளர் விடுமுறையில் ஜல்பாய்குரிக்குப் போயிருக்கிறார். இப்போது சர்வரின் இணைப்பைப் பிடுங்கிவிடு என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? குமாஸ்தாவே பிடுங்கலாமா? பிடுங்கினால் நாளைக்கு அவருக்குத் தண்டனை வருமா, பாராட்டு வருமா? கணினியை அணைத்துவிட்டால் துப்பறிய வருபவர்களுக்கு உதவும் தடயங்கள் சில அழிந்துபோகும். ஆகவே வலையின் கம்பியைக் கழற்றவேண்டும், மின்சாரத்தை நிறுத்தக் கூடாது என்பது அவருக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? பொறுப்பாளரின் தொலைபேசி எண் எங்கே? பூட்டிக்கொண்ட அதே கணினிக்குள்ளே.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் இந்த இடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தச் சங்கடமே ஒத்திகையின் முதல் லாபம். கேள்விகள் மேலும் வளரும். மூன்றாம் மாடியில் அறுவைச் சிகிச்சை முடிந்து கிடக்கும் பெண்மணிக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பது கணினியில் மட்டும் இருக்கிறதா, கட்டிலின் அருகே தொங்கும் சீட்டிலும் இருக்கிறதா? ரத்தப் பரிசோதனை முடிவை எழுதக் காகிதப் படிவங்கள் எத்தனை நாளைக்கு இருக்கின்றன? இளம் நர்ஸுகள் அந்தப் படிவத்தைக் கண்ணால் கண்டதுண்டா? அலுவலக மின்னஞ்சலில் ஆலோசனை செய்தால் உள்ளே புகுந்த திருடனும் அதைப் படிப்பானே, வேறு எந்த வழியில் பேசிக்கொள்வது? உறவினர்கள் வாயிலில் கூடும்போது அவர்களிடம் பேசப்போவது யார், எந்தப் பாஷையில், எந்த அளவு உண்மையை? வங்காளி, இந்தி, உருது, தமிழ் பேசும் குடும்பங்கள் கலந்து வரும் இப்பகுதியில் இந்தக் கேள்வி அற்பமானதன்று. செர்ட்-இன்னுக்கு ஆறு மணி நேரத்துக்குள் கடிதம் எழுதவேண்டியவர் யார்? அவர் பந்தலில் நிற்கும்போது அவருக்குப் பதில் யார்?

பணம் கொடுப்பதா என்ற கேள்வியையும் அந்த மேஜையிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். நள்ளிரவில், கண்ணீர் விடும் உறவினர் நடுவில், அது தீராது. 2021 மே மாதம் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குப் பெட்ரோல் கொண்டுசெல்லும் கலோனியல் பைப்லைன் கம்பெனி 44 லட்சம் டாலர் கொடுத்து விடுவிப்பு நிரலைப் பெற்றது. அந்த நிரல் மிக மெதுவாக வேலை செய்தபடியால், கடைசியில் தன்னுடைய பேக்கப்பைக் கொண்டே கம்பெனி பெரிதும் மீண்டது. கொடுத்த காசு அடுத்த திருட்டுக்கு மூலதனமாவது ஒருபுறமிருக்க, கொடுத்தும் பலனில்லை என்பதே பலருடைய அனுபவம்.

இதற்கு நேர்மாறான உதாரணத்தை நார்வே நாட்டில் காண்கிறோம். 2019 மார்ச் 19ஆம் தேதி நார்ஸ்க் ஹைட்ரோ என்னும் அலுமினியக் கம்பெனியின் கணினிகள் பூட்டப்பட்டன. 35,000 பேர் வேலை செய்யும் அந்த ஸ்தாபனம் ஒரு காசும் கொடுப்பதில்லை என்று தீர்மானித்தது. கணினியை வலையில் இணைக்காதீர்கள் என்று காகிதத்தில் எழுதி வாயிற்கதவில் ஒட்டினார்கள். தங்கள் இணையதளம் முடங்கியபோது ஃபேஸ்புக் வழியாக ஜனங்களுக்கு நிலைமையைச் சொன்னார்கள். அதிகாரிகள் பத்திரிகையாளரை அழைத்து, தெரிந்ததை உள்ளபடி விளக்கினார்கள். தொழிற்சாலைகளில் பழைய காகிதக் குறிப்புகளைத் தேடியெடுத்து, கணினிக்கு முந்திய முறையை அறிந்த ஓய்வுபெற்ற தொழிலாளரையும் துணைக்குக் கொண்டு வேலையை நடத்தினார்கள். நஷ்டம் பல கோடி டாலர். ஆனாலும் அந்தக் கம்பெனியின் மேல் உலகம் வைத்த நம்பிக்கை குறையவில்லை. கல்கத்தாவின் வங்கிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் பேரேட்டைக் கையால் எழுதி நாற்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை ஒருநாள் அழைத்து, கணினி இல்லாமல் ஒரு கிளையை எப்படித் திறந்து எப்படி மூடினீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளாத நிர்வாகம், விலைமதிப்பற்ற ஒரு சொத்தை இழந்துகொண்டிருக்கிறது.

பெரிய ஸ்தாபனங்களுக்குச் சட்டமும் கண்காணிப்பும் இருக்கின்றன. எனக்குக் கவலையெல்லாம் சிறியவற்றைப் பற்றியே. காளிகாட்டில் இரண்டு கணினியோடு நடக்கும் நர்ஸிங் ஹோம், தமிழ்ப் பிள்ளைகளும் வங்காளிப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிக்கூடம், லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி அரைத்து விற்கும் கடை, புர்ராபஜாரின் ஜவுளி மண்டி ஆகியவற்றிலும் ஜி.எஸ்.டி. கணக்கும் வாடிக்கைக்காரர் விவரமும் ஒரே கணினியில்தான் இருக்கின்றன. அவற்றில் கணினி நிபுணர் என்று யாரும் கிடையாது. தெரிந்த பையன் ஒருவன் வந்து பார்த்துவிட்டுப் போவதுதான் வழக்கம். இவர்களுக்கு வேண்டிய ஆயத்தம் மிகவும் எளியது. கணக்கின் பிரதியை வாரம் ஒரு முறை வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றி, கடையில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வங்கி, கணக்காயர், கணினிக்காரர், அருகிலுள்ள காவல் நிலையம் ஆகியோரின் எண்களைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும். வங்கியிலிருந்து பணம் களவு போனால் அந்தக் கணமே 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யவேண்டும் என்பது கல்லாவில் உட்காருபவர் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். களவாடிய பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் வங்கிகள் அதைத் தடுத்து நிறுத்துவதற்கு ஒவ்வொரு நிமிஷமும் பயன்படும். கணினிக்கு வரும் திருத்தங்களை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடக் கூடாது.

இவற்றில் பெரும்பாலோர் செய்யாமல் விடுவது, எடுத்த பிரதி உண்மையில் திறக்கிறதா என்று பார்ப்பது. ஆண்டுக்கணக்காக ஒழுங்காய்ப் பேக்கப் எடுத்தவர்கள், வேண்டிய நாளில் அதைத் திறந்தபோது வெறுங்கோப்பாக இருந்ததைக் கண்டு திகைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறொரு கணினியைக் கொண்டுவந்து, அந்த டிஸ்கிலிருந்து சென்ற மாதத்துக் கணக்கை மீட்டு, ஐந்தாறு பில்களை எடுத்துப் பார்த்து, தொகைகள் சரியாக இருக்கின்றனவா என்று ஒப்பிடவேண்டும். மீட்பதற்கு எத்தனை மணி நேரம் பிடித்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். வியாபாரிகள் சங்கமும், பள்ளி நிர்வாகக் குழுவும், தமிழர் அமைப்புகளும் ஆண்டுக்கு ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கி, அறிந்தவர் ஒருவரை அழைத்து, கூடியிருந்து செய்துபார்க்கலாம். பூஜை விடுமுறைக்கு இரண்டு வாரத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பொருத்தமாக இருக்கும். குறை தெரிந்தால் விடுமுறைக்குக் கதவைப் பூட்டுவதற்குள் அதைச் சரிசெய்ய அவகாசம் இருக்கும்.